பொங்கலை ஒட்டிப் பூக்கும் காடு: மறையூர், சின்னாறு பக்கம் காட்டுப்பூ பார்க்கப் போகிறவர்களுக்கு

டிசம்பரில் பூப் பார்க்கவென்று மூணாறுக்குக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்தையும் பூங்காவில் நட்டு வளர்த்த ரோஜாவையும் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். தானாக முளைத்துத் தானாகப் பூத்த செடிகளைப் பார்க்க வேண்டுமானால், அந்த மாதத்தில் மூணாறில் தங்காமல் வடகிழக்கே இறங்க வேண்டும். மறையூர், காந்தளூர், இன்னும் கீழே உடுமலைப்பேட்டைச் சாலையில் சின்னாறு என்று அந்தச் சரிவு நீள்கிறது. கேரள எல்லைக்குள் இருந்தாலும் கடைத்தெருவில் தமிழ் சரளமாகக் காதில் விழும் பகுதி இது. மலைமேல் உள்ள பழைய கிராமங்களுக்கு அஞ்சுநாடு என்று பெயர். வழி கேட்கவும் பூவின் பெயர் கேட்கவும் நம் மொழியே போதும்.

சிகரம் தொட விரும்புகிறவர்களுக்கு இந்தக் கட்டுரையில் அதிகம் இல்லை. ஒரு மணி நேரத்தில் அரைக் கிலோமீட்டர் நடந்தாலே போதும் என்று நினைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். பூப் பார்ப்பதில் வேகம்தான் பெரிய எதிரி.

முதலில் மழைக் கணக்கு

கேரளம் என்றதும் ஜூன் மழைதான் நினைவுக்கு வரும். அந்தத் தென்மேற்குப் பருவமழை, ஆனைமுடியை (2,695 மீட்டர்) உள்ளிட்ட மலைத்தொடரின் மேற்குப் பக்கத்திலேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே வரும் காற்றில் ஈரம் குறைவு. அதனால் சின்னாற்றுக்கு ஆண்டு முழுவதற்கும் சேர்த்துச் சுமார் 500 மில்லிமீட்டர் மழைதான். அதில் பெரும்பங்கு அக்டோபர், நவம்பரில் நமக்குப் பெய்யும் அதே வடகிழக்குப் பருவமழை. கேரளத்தின் மற்றப் பகுதிகளில் ஓணத்தை ஒட்டிப் பூக்காலம் என்றால், இந்தச் சரிவில் அது பொங்கலை ஒட்டி வருகிறது.

தேதியை வைத்து மட்டும் கிளம்பக் கூடாது. உயரத்தையும் பார்க்க வேண்டும். சின்னாறு சோதனைச்சாவடிப் பக்கம் கடல்மட்டத்திலிருந்து 450 மீட்டர் அளவில் இருக்கிறது. மறையூர் ஏறத்தாழ 1,000 மீட்டர், காந்தளூர் 1,500. கீழே இருப்பது முள்காடு. மழை நின்றதும் மண் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால், தரையோடு கிடக்கும் சிறு செடிகள் சில வாரங்களுக்குள் பூத்துக் காய்த்து விதை போட்டுவிடுகின்றன. மேலே ஈரம் நீடிக்கும், குளிரும் கூடுதல். அங்கே எல்லாம் பொறுமையாகத்தான் நடக்கும். ஆகவே கடைசி நல்ல மழைக்கு இரண்டு, மூன்று வாரம் கழித்துக் கீழிருந்து தொடங்கி, பிந்தைய வாரங்களில் மேலே ஏறிப் போவதுதான் சரியான வரிசை. பொதுவாக டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரை நல்ல காலம். கார்த்திகையிலேயே மழை ஓய்ந்துவிட்ட ஆண்டில் சற்று முன்னதாகவே போய்விடுங்கள்.

செல்போனில் வானிலை பார்ப்பதைவிட எனக்கு நம்பகமாகப் படுவது உடுமலைச் சந்தை. போகியன்று காப்புக் கட்டுவதற்காகச் சிறுபூளையும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். அந்தச் சமயத்தில் எல்லைக்கு அப்பாலும் அதே செடிகள் பூத்து நிற்கும்.

அனுமதியும் வழிகாட்டியும்

சின்னாறு 90 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள வனவிலங்குச் சரணாலயம். உடுமலை – மூணாறு சாலை அதன் நடுவே போகிறது. பஸ்ஸிலோ காரிலோ போகும்போது அழகான பூவைக் கண்டுவிட்டு ஓரம் கட்டி இறங்கி உள்ளே நடக்கக் கூடாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அங்கே யானை இருக்கிறது. முள்காட்டில் யானை மறைந்து நிற்காது என்று நினைத்துவிட வேண்டாம். குடைவேல மரங்களுக்குப் பின்னால் சத்தமே இல்லாமல் நிற்கும்.

உள்ளே நடப்பதற்குக் கேரள வனத்துறை வழிகாட்டியோடு நடைப்பயணம் ஏற்பாடு செய்கிறது. தூவானம் அருவிக்குப் போகும் பாதை அவற்றுள் பெயர்பெற்றது. வழிகாட்டிகள் பெரும்பாலும் அங்கேயே வாழும் முதுவர், மலைப்புலையர் குடிகளைச் சேர்ந்தவர்கள். கட்டணமும் நேரமும் அவ்வப்போது மாறும். முன்தினமே வனத்துறை அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொண்டு, காலை முதல் குழுவில் இடம் பிடியுங்கள்.

வழிகாட்டியிடம் புறப்படும் முன்பே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: "அண்ணா, எங்களுக்கு அருவி முக்கியமில்லை, பூ பார்க்கத்தான் வந்திருக்கிறோம். மெதுவாகப் போகலாம்." இதைச் சொல்லாவிட்டால் அவர் வழக்கப்படி உங்களை அருவிக்குக் கொண்டு சேர்ப்பதிலேயே குறியாக இருப்பார், வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அதுதான் வேண்டியிருக்கிறது. சொல்லிவிட்டால் அவருடைய நடையே மாறிவிடும். நீங்கள் மிதித்துவிட்டுப் போகவிருந்த செடியை அவர் குச்சியால் சுட்டிக் காட்டுவார்.

தமிழ்நாட்டுப் பக்கம் நடக்க விரும்புகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலைப்பாதைகளை இணையவழி முன்பதிவில் திறந்தது. எந்தப் பக்கம் போனாலும் சோதனைச்சாவடியில் பையைத் திறந்து பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோனால் பேச்சே இல்லை.

உடையும் பையும்

இந்தக் காட்டில் அட்டைத் தொல்லை பெரிதாக இல்லை. அதற்குப் பதிலாக முள், ஒட்டும் விதை, உண்ணி. கணுக்கால் வரை மூடிய ஷூ, தடித்த துணியில் முழுக்கால் பேன்ட், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். கம்பளி சாக்ஸ் வேண்டாம். ஊசிப்புல்லும் நாயுருவியும் அதில் ஏறினால் மாலை முழுக்க உட்கார்ந்து பிடுங்க வேண்டியதுதான். பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகிக்கொள்வது பார்ப்பதற்கு நன்றாக இருக்காது. ஆனால் உண்ணி ஏறாது. திரும்பியதும் குளித்து, துணியை வெந்நீரில் போடுங்கள். போய்வந்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், காட்டுக்குப் போயிருந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சலுக்கு நல்ல மருந்து உண்டு. தாமதம்தான் ஆபத்து.

பூனைக்காலியைத் தனியாகச் சொல்ல வேண்டும். இது கொடி. கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த பூக்கள் குலையாகத் தொங்கும், பார்க்க வெகு அழகு. பருவம் முதிரும்போது அதே கொடியில் பொன்பழுப்பு நிற மயிர் போர்த்திய காய்கள் வந்துவிடும். அந்த மயிர் தோலில் பட்டால் அரிப்பு தாங்காது. காற்றில் பறந்து வந்து பட்டாலும் அதே கதிதான். பூவைப் படம் எடுக்கக் கிட்டப் போகும் முன் மேலே காய் தொங்குகிறதா என்று நிமிர்ந்து பாருங்கள். பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள், ஒட்டும் டேப்பை ஒட்டி உரித்தெடுத்துவிட்டுப் பிறகு கழுவுங்கள். செந்தட்டியும் அரிப்பு தருவதுதான், ஆனால் அது கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும்.

பையில் பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு லென்ஸ், ஒரு நோட்டு, பென்சில், ஒரு பத்து ரூபாய் நாணயம். நாணயம் எதற்கு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

காலடியில் தொடங்குங்கள்

புதிதாக வருகிறவர்கள் கண்மட்டத்தில் பூவைத் தேடுகிறார்கள். மழைக்குப் பின் இந்த மண்ணில் அருமையானவை எல்லாம் செருப்பு உயரத்தில்தான் இருக்கின்றன. பாதை ஓரத்தில் உட்கார்ந்துவிடுங்கள். உட்காரும் முன் பாம்பு, தேள் இருக்கிறதா என்று ஒரு பார்வை.

விஷ்ணுகிரந்தியை முதலில் பழகிக்கொள்ளலாம். தரையில் படர்ந்த மெல்லிய தண்டு, பட்டு மாதிரி மென்மயிர் போர்த்திய சிற்றிலைகள், நடுவில் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய நீலப்பூ. இதழ்கள் ஒன்றோடொன்று இணைந்து வட்டமாக விரிந்திருக்கும், தொண்டையில் வெண்மை. காலையில் விரியும், வெயில் ஏறி உச்சிப்பொழுதைத் தாண்டினால் சுருண்டுகொள்ளும். மதியம் இரண்டு மணிக்குப் போனவருக்கு அந்த இடத்தில் வெறும் புல்தான் தெரியும். எட்டு மணிக்குள் பாதையில் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுதான் காரணம்.

அதற்குப் பக்கத்திலேயே ஓரிதழ்த்தாமரை கிடைக்கலாம். இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த ஒரே ஒரு பெரிய இதழ், நாக்கு நீட்டியதுபோல். ஒரே இதழ்தானா என்று லென்ஸை வைத்துப் பாருங்கள். மேற்பக்கத்தில் இன்னும் நான்கு இதழ்கள் மிகச் சிறியதாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஐந்து இதழ்ப் பூதான். கீழ் இதழ் மட்டும் பெரிதாக வளர்ந்து, வரும் பூச்சிக்கு இறங்குமிடமாக நிற்கிறது. லென்ஸ் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு இந்த ஒரு பூவைக் காட்டினால் போதும்.

நெருஞ்சியைச் சைக்கிள் ட்யூப் பஞ்சர் வழியாக எல்லாருக்கும் தெரியும். பூவாக நின்று பார்த்தவர் குறைவு. பளிச்சென்ற மஞ்சளில் ஐந்து இதழ், சூரியனைப் பார்த்தபடி இருக்கும்.

இடுப்பளவுச் செடிகளும் பாறையும்

எழுந்து நின்றால் கண்ணில் படுவது ஆவாரையின் மஞ்சள், கொழுஞ்சியின் ஊதா, தும்பையின் வெள்ளை. சிறுபூளையின் வெள்ளிக் கதிர்களைப் பூவென்றே பலர் மதிப்பதில்லை. லென்ஸ் வைத்தால் ஒவ்வொரு பஞ்சுத் துணுக்கும் தனித்தனிப் பூ என்று தெரியும்.

முள்ளி இனத்துக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். நம் வீடுகளில் மார்கழியில் பூத்து, பெண்கள் தலையில் வைத்துக்கொள்ளும் டிசம்பர் பூ இந்த இனம்தான். அதன் காட்டு உறவுகள் இந்த முள்காட்டில் ஊதாவிலும் வெள்ளையிலும் மஞ்சளிலும் பூக்கின்றன. மஞ்சளும் காவியும் கலந்தது செம்முள்ளி. இலைக் கக்கத்தில் கூர்முள் இருக்கும். கனகாம்பரமும் குறிஞ்சியும் இதே குடும்பம். குழாய்போல் நீண்டு நுனியில் விரிந்த பூ, எதிரெதிராக அமைந்த இலை, பூவின் அடியில் இலைபோன்ற செதில்கள் என்ற மூன்றும் சேர்ந்திருந்தால் இந்தக் குடும்பமாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று குறித்துவையுங்கள்.

பாறை இடுக்கில் இலையே இல்லாமல் நான்கு பட்டைத் தண்டு மட்டும் நிமிர்ந்து நின்றால் அது கள்ளிமுளையான். தண்டைத் துவையல் அரைப்பார்கள். அதன் பூ கருஞ்சிவப்பு, கெட்ட இறைச்சி வாடை. தேனீ வராது, ஈ வரும். அதற்கு வேண்டியதும் ஈதான். முகர்ந்து பார்க்காமல் வந்தால் பாதி பார்த்ததாகவே அர்த்தம்.

மறையூரில் தங்குகிறவர்கள், முனியறைகள் என்னும் பழங்காலக் கல்லறைகள் (கற்பலகைகளால் ஆனவை) இருக்கும் பாறைவெளியை முதல் நாள் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். பாறை வெடிப்பில் ஒரு கைப்பிடி மண் தேங்கிய இடத்திலெல்லாம் ஏதோ ஒன்று பூத்திருக்கும். கற்களின் மேல் மட்டும் ஏறாதீர்கள்.

கொடிகள்

நவம்பர் கடைசியிலோ டிசம்பர் முதலிலோ போனால் செங்காந்தளின் கடைசிப் பூக்கள் வேலிப்புதரில் கிடைக்கும். தமிழ்நாட்டின் மாநிலப் பூ. பூ தலைகீழாகத் தொங்க, ஆறு இதழ்களும் நெளிந்து மேல்நோக்கித் திரும்பியிருக்கும். மஞ்சளும் பச்சையுமாகத் தொடங்கி நாளாக ஆக முழுச்சிவப்பாகிவிடும் என்பதால் ஒரே கொடியில் மூன்று நிறம் காணலாம். இலை நுனியைப் பாருங்கள். அது நீண்டு சுருண்டு பக்கத்துச் செடியைப் பற்றிக்கொண்டிருக்கும். பூவின் நடுவில் இருக்கும் சூலகத்தண்டு (விதைப்பையிலிருந்து நீளும் காம்பு) சட்டென்று பக்கவாட்டில் மடங்கி நிற்கும் கோணத்தையும் விட்டுவிடாதீர்கள்.

இதன் கிழங்குக்குக் கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு என்று பெயர். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கத்து உழவர்கள் இதை விதைக்காகப் பந்தல் போட்டுப் பயிரிடுகிறார்கள். விதையில் உள்ள கோல்சிசின் மருந்துத் தொழிலுக்குப் போகிறது. அதே பொருள்தான் நஞ்சும். செடியின் எந்தப் பாகமும் வாய்க்குப் போகக் கூடாது. கிழங்கு ஆளையே கொல்லும். குழந்தைகளோடு போகிறவர்கள் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஜனவரியில் புதர்களின் தலையில் வெளிர் இளஞ்சிவப்புப் போர்வை விரித்தாற்போல் படர்ந்திருந்தால் அது பெரும்பாலும் ஓணான்கொடி.

அழகாக இருப்பதெல்லாம் ஊர்ப் பூ இல்லை

வருகிறவர்கள் மிக அதிகமாகப் படம் எடுப்பது உன்னிச்செடியை. சிறு பூக்கள் கூட்டமாக, நடுவில் மஞ்சள், ஓரத்தில் இளஞ்சிவப்பு. பூ வயதாக ஆக நிறம் மாறுவதுதான் அதற்குக் காரணம். அழகுதான், ஆனால் அமெரிக்கக் கண்டத்திலிருந்து அலங்காரத்துக்காக வந்து, யானைக்கும் மானுக்கும் தீனியாக வேண்டிய புல்வெளியை மூடிவிட்ட களை. மறையூர் – மூணாறு சாலையோரம் ஆளுயரத்துக்கு மஞ்சளாக நிற்கும் காட்டுச் சூரியகாந்தியும் மெக்சிகோப் பக்கத்துச் செடி. மூக்குத்திப்பூவும் அப்படியே, ஆனால் அது அவ்வளவு தொல்லை தருவதில்லை. அதன் ஒரு பூவை லென்ஸில் பார்த்தால், நடுவில் நெருக்கமாக நிற்கும் குழாய்ப்பூக்களும் ஓரத்தில் சில நாக்குப்பூக்களும் சேர்ந்த ஒரு பூங்கொத்து என்று தெரியும். சூரியகாந்திக் குடும்பத்தைப் புரிந்துகொள்ள இதைவிட எளிய பாடம் இல்லை.

நோட்டில் சொந்தச் செடி, வந்தேறிச் செடி என்று இரண்டு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். சாலையோரத்தில் இரண்டாவது பக்கம் வேகமாக நிரம்பும். காட்டுக்குள் போகப்போக முதல் பக்கத்துக்கு வேலை வரும்.

பெயர் கண்டுபிடிக்க

பூவின் நிறத்தை வைத்துத் தேடத் தொடங்கினால் மஞ்சளிலேயே மூழ்கிவிடுவீர்கள். முதலில் இலையைப் பாருங்கள்: எதிரெதிரா, மாற்றி மாற்றியா? அடுத்து தண்டு: உருட்டா, சதுரமா? தும்பைக்குச் சதுரத் தண்டு. அந்தக் குடும்பம் முழுக்கப் பெரும்பாலும் அப்படித்தான். அதன் பிறகுதான் இதழ்: எத்தனை, தனித்தனியா, இணைந்ததா, அவரைப்பூ வடிவமா?

ஒரு செடிக்கு ஐந்து படம் எடுங்கள். முழுச் செடி, இலை இருக்கும் கணு, பூ முகம், பூவின் பக்கவாட்டு, பூவின் முதுகு. முதுகுப் படத்தை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்; புல்லிவட்டம் (இதழ்களுக்கு அடியில் இருக்கும், பெரும்பாலும் பச்சையான வட்டம்) தெரியாமல் பல செடிகளுக்குப் பெயர் சொல்ல முடியாது. அளவுக்கு நாணயத்தைப் பக்கத்தில் வைத்து ஒரு படம். பத்து ரூபாய் நாணயத்தின் குறுக்களவு 27 மில்லிமீட்டர். நீலப்பூ நேர்வெயிலில் செல்போனில் ஊதாவாக விழும் என்பதால் உடம்பின் நிழலை அதன்மேல் விழச் செய்து எடுங்கள். வீடு திரும்பி, செடி, பூச்சிப் படங்களைப் பகிர்ந்து பெயர் கேட்க உதவும் ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist) செயலியில் ஏற்றினால், தெரிந்தவர்கள் திருத்திச் சொல்வார்கள். செயலி தானாகத் தரும் முதல் பெயரை அப்படியே நம்ப வேண்டாம். அவசரத்தில் அது காட்டுச்செடிக்கு நர்சரிச் செடியின் பெயரைச் சொல்லும்.

வழிகாட்டியிடம் பெயர் கேட்டால் அவர் சொல்லும் பெயரை உங்களுக்குத் தெரிந்த பெயராகத் திருத்தாமல் கேட்டபடியே எழுதுங்கள். என்ன பயன் என்று கேட்டு, அவர் சிரித்துவிட்டு நகர்ந்தால் விட்டுவிடுங்கள். மருந்து விவரத்தை முன்பின் தெரியாதவரிடம் சொல்லாமலிருக்க அவருக்கு உரிமை உண்டு.

பறிக்கக் கூடாது. சரணாலயத்துக்குள் செடியைச் சேதப்படுத்துவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஓராண்டுச் செடிக்கு ஒரு பூ என்பது அடுத்த மழைக்கான விதை என்பதும் உண்மை. அரிய செடி கிடைத்தால் படத்தை வெளியிடுங்கள், இடத்தை வெளியிடாதீர்கள்.

மேலே ஏறினால்

கீழே பழகிய பிறகு வட்டவடை, பாம்பாடும் சோலைப் பக்கம் போகலாம். சோலை (மலை மடிப்புகளில் வளரும் குட்டையான, அடர்ந்த காடு) ஓரத்தில் டிசம்பருக்குப் பின் காட்டுப்பூவரசு பூக்கத் தொடங்கும். கரடுமுரடான பட்டையும் தடித்த இலையும் உள்ள மரத்தில் ரத்தச் சிவப்புக் கொத்துகள். பனி இறங்கும் காலை, விரல் விறைக்கும். மேல்கோட்டு இல்லாமல் போக வேண்டாம்.

குறிஞ்சி இருக்குமா என்று கட்டாயம் கேட்பீர்கள். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகப் பூப்பது. 2006, 2018 என்று பூத்தது; அடுத்தது 2030, அதுவும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. டிசம்பரில் அதற்காக வண்டி ஏறாதீர்கள். "குறிஞ்சி காட்டுகிறேன்" என்று யாராவது அழைத்தால், வேறு ஆண்டுக் கணக்கில் பூக்கும் அதன் இனத்துச் செடி எதையாவது காட்டக்கூடும். அதுவும் பார்க்கத் தக்கதுதான், பெயரை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

எப்போது நிறுத்துவது

பிப்ரவரி பிறந்தால் புல் காய்ந்துவிடும். 2018 மார்ச்சில் போடிக்கு மேலே குரங்கணியில் காட்டுத்தீயில் 20க்கும் மேற்பட்ட மலையேறிகள் இறந்தார்கள். அதன் பிறகு தீப்பருவத்தில் பாதைகளை மூடுவதில் வனத்துறை கண்டிப்பாக இருக்கிறது. மூணாறுக்குப் பக்கத்தில் உள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவும் வரையாடு குட்டி போடும் காலம் என்று பிப்ரவரி, மார்ச்சில் பார்வையாளர்களுக்கு மூடப்படும். மூடிய பாதையில் ஆளைப் பிடித்து நுழைய வழி தேடாதீர்கள்.

அந்த மாதங்களில் பூ பார்க்க நடக்கவே வேண்டாம், பஸ் ஜன்னல் போதும். இலவும் முருக்கும் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் சிவப்பாக நிற்கும். உடுமலையிலிருந்து மூணாறு போகும் பகல்நேர பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் பிடித்து, சோதனைச்சாவடி தாண்டியதும் மரங்களின் உச்சியைப் பார்த்துக்கொண்டே போங்கள்.